டிக்ஸ்வில் நாட்ச் வாக்காளர்கள் ஆறு பேருக்கும்

வணக்கம்.

உங்களில் யாருக்கும் தமிழ் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களைப் பற்றி என்னிடம் முதலில் விசாரித்தது என் அம்மா. அவருக்குத் தமிழை விட்டால் வேறு மொழி கிடையாது.

2024 நவம்பர் 5. நியூ ஹாம்ப்ஷயரில் நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள் ஆகியிருந்தன. தென்காசிப் பக்கம் எங்கள் ஊரில் அப்போது காலை பத்தரை. போன் அடித்தது. "ஏல, தூங்கிட்டியா? அமெரிக்கால எண்ணியாச்சாம்லா. ரெண்டு பேருக்கும் சமமா வந்திருக்காம். டிவில ஓடுது."

"நாங்க இன்னும் ஓட்டே போடலியேம்மா."

"அப்ப யாரு போட்டது?"

நீங்கள் ஆறு பேர். நள்ளிரவிலேயே போட்டு, எண்ணியும் முடித்துவிட்டீர்கள். கமலா ஹாரிஸுக்கு 3, டொனால்ட் டிரம்புக்கு 3. நான் உங்கள் மாநிலத்தின் தெற்குக் கோடியில், நாஷுவாவில் இருக்கிறேன். குடியுரிமை வாங்கிய பிறகு எனக்கு அதுதான் முதல் அதிபர் தேர்தல். காலை 6 மணிக்குச் சாவடி திறக்கும், முதல் ஆளாகப் போய் நிற்கலாம் என்று சட்டையெல்லாம் எடுத்து வைத்துவிட்டுப் படுத்திருந்தேன். நான் போடுவதற்குள் என் ஓட்டின் முடிவு எங்கள் ஊர் டீக்கடையில் அலசப்பட்டுக் கொண்டிருந்தது.

அம்மாவுக்கு விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் கேட்ட கேள்விதான் இந்த மடலுக்குக் காரணம். "ஆறு பேருதான்னா, யாரு யாருக்குப் போட்டான்னு ஊருக்கே தெரிஞ்சிருமேல?"

அதற்கு அடுத்த இலையுதிர் காலத்தில் உங்கள் ஊருக்கு வந்தேன். நாஷுவாவிலிருந்து வடக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல். 93ஆம் நெடுஞ்சாலை ஃபிரான்கோனியா கணவாயில் போகும்போது மலையிடுக்கில் ஒற்றைத் தடமாகச் சுருங்கிவிடுகிறது. மலைக் கிழவன் என்று எல்லாரும் சொல்லும் அந்தப் பாறை முகம் 2003 மே மாதம் இடிந்து விழுந்துவிட்டது. ஆனால் மாநில நெடுஞ்சாலைப் பலகைகளில் இன்றும் அதே முகம்தான். விழுந்ததைப் பலகையிலிருந்து எடுக்க இந்த மாநிலத்துக்கு மனசு வருவதில்லை. அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். உங்கள் ஊர் வழக்கத்தையும் அந்தக் குணத்தோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

கோல்புரூக்கில் காபி குடித்துவிட்டு 26ஆம் சாலையில் கிழக்கே திரும்பினால், கொஞ்ச தூரத்தில் பாறைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வருகின்றன. 'நாட்ச்' என்றால் இங்கே கணவாய். எங்கள் ஆரியங்காவு மாதிரிதான், என்ன, சாரல் இல்லை, முறுக்கு விற்பவர்கள் இல்லை. குளோரியட் ஏரி, அதன் பின்னால் சிவப்புக் கூரைகளோடு பால்சம்ஸ் ஹோட்டல். 2011இல் மூடியது, திறக்கவில்லை. வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றேன். உங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உங்கள் ஊரின் தொகை 4 என்று இருக்கிறதே, ஆச்சரியமில்லை.

உங்கள் கதையை இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இதைப் படிக்கப்போகும் தமிழர்களுக்காக. உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டிக்ஸ்வில் ஒரு முறையான நகராட்சி கிடையாது. கனடா எல்லைக்குச் சற்றே தெற்கில், கோஆஸ் கவுன்ட்டியில் (நம் மாவட்டம் மாதிரி), காட்டுக்கு நடுவே ஒரு நிலப்பகுதி. அங்கே 19ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு மலைவாச ஹோட்டல். நீல் டில்லட்சன் என்ற ரப்பர் தொழிலதிபர் 1954இல் அதை வாங்கினார். 1931இல் லேடெக்ஸ் பலூன் செய்தவர், பூனை முகம் போட்டு. திருவிழாவில் குழந்தைகள் கேட்டு அழும் பலூனுக்கும் நள்ளிரவு ஓட்டுக்கும் மூலவர் ஒருவரே என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஓட்டுப் போட வெகுதூரம் வண்டி ஓட்ட வேண்டியிருந்ததால், ஹோட்டலிலேயே சாவடி வைக்க ஏற்பாடு செய்தார். 100 பேருக்கும் குறைவாக உள்ள ஊர்கள் நள்ளிரவில் சாவடி திறக்கலாம், பட்டியலில் உள்ள அத்தனை பேரும் போட்டு முடித்தால் உடனே மூடி எண்ணலாம் என்று நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் சொல்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு இது போதாதா? 1960இல் தொடங்கியது. முதல் முடிவு: நிக்சன் 9, கென்னடி 0.

டில்லட்சன் 2001இல் தமது 102ஆம் வயதில் காலமாகும் வரை, நள்ளிரவு முதல் சீட்டைப் பெட்டியில் போடுவது அவராகத்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பஞ்சாயத்து வார்டு உறுப்பினர் தேர்தலில் ஒரு தடவை நின்றார். வார்டில் மொத்தம் இருநூறு ஓட்டுக்கும் குறைவு. வாக்காளர் பட்டியலை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் சிவப்பு மையால் புள்ளி வைப்பார்: இவன் நம்ம ஆள், இவன் போடமாட்டான், இவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் யோசிப்பான். அவர் கணக்குக்கு 58 விழ வேண்டும். விழுந்தது 41. தோற்றதில்கூட அவருக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. அந்த 17 பேர் யார் என்பதுதான் அடுத்த ஐந்து வருஷத்துக்கு அவர் ஆராய்ச்சி. கல்யாண வீட்டில் பந்தியில் எதிரே உட்கார்ந்தவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். எங்கள் பக்கத்து வீட்டு அத்தையோடு பேச்சை நிறுத்தினார். அத்தை அவருக்குத்தான் போட்டிருந்தார். அதை எப்படி நிரூபிப்பது?

1964இல் உங்கள் ஊரில் கோல்ட்வாட்டருக்கு 8, ஜான்சனுக்கு 1. 1984இல் ரீகனுக்கு 29, மாண்டேலுக்கு 1. அந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த '1' மட்டும் தனியாகத் தெரிகிறது. அவர் யார்? மறுநாள் காலையில் சமையலறையில் முட்டை பொரித்துக்கொண்டிருந்தாரா, பனிச்சறுக்கு லிஃப்டில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாரா? ஊர் என்றாலே ஹோட்டல், ஹோட்டல் என்றாலே ஒரு முதலாளி. பெட்டியை வைத்தது அவர் இடத்தில், முதல் சீட்டு அவர் கையால். டில்லட்சன் யாரையும் இன்னாருக்குப் போடு என்று சொன்னதாக நான் சொல்லவே வரவில்லை. 1968இல் உங்கள் ஊர் ஹம்ஃப்ரிக்கு 8, நிக்சனுக்கு 4 என்று போட்டிருக்கிறது; ஒருவர் சொல்லி மற்றவர் குத்துகிற ஊராக இருந்திருந்தால் அது நடந்திருக்காது. ஆனால் கேட்காமலே தெரிந்துகொள்ள முடிகிற ஊரில், கேட்க வேண்டிய அவசியமும் முதலாளிக்கு இல்லை. ரகசிய வாக்குச்சீட்டு என்ற ஏற்பாட்டை 1856இல் ஆஸ்திரேலியக் காலனிகள் கொண்டுவந்தபோதும், 1888இல் பக்கத்து மாசசூசெட்ஸ் மாநிலம் எடுத்துக்கொண்டபோதும் அவர்கள் பயந்தது இந்தக் கண்ணுக்குத்தான். அதுவரை அமெரிக்காவில் கட்சிகளே சீட்டு அச்சடித்துக் கொடுக்கும். எந்தக் கட்சிச் சீட்டு கையில் இருக்கிறது என்று தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம்.

குடவோலை முறையைப் பற்றி இங்கே நான் எழுதுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருக்கலாம். எழுதப்போவதில்லை. அது குலுக்கல், யார் யாருக்குப் போட்டார் என்ற வம்பே அதில் இல்லை. சோழர் காலத்து ஆட்களுக்கு ஊர்ப் பகை நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

சரி, உங்கள் ஊரின் சாய்வுக்கு வருவோம். ஊடகங்கள் உங்களை ஒரு ஜோசியராகப் பார்க்கின்றன. கிளி சீட்டு எடுப்பதுபோல ஆறு சீட்டை எடுத்து அமெரிக்காவின் தலையெழுத்தைப் படிக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1960 முதல் 2024 வரை 17 அதிபர் தேர்தல்கள். நீங்கள் கைகாட்டியவர் ஜெயித்தது 8 முறை. 7 முறை தவறு. 2 முறை சமன், 2012இல் ஒபாமாவும் ராம்னியும் 5-5, அப்புறம் 2024. ஒரு நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் கிட்டத்தட்ட இதே மதிப்பெண் வந்திருக்கும். முதல் மூன்று தேர்தலிலும் வரிசையாகத் தோற்றவருக்கே போட்டீர்கள். அப்போதே ஜோசியத் தொழிலிலிருந்து உங்களை விடுவித்திருக்கலாம்.

நீங்கள் சாய்ந்த விதம்தான் எனக்கு இதைவிட ருசியான விஷயம். 1968ஐத் தவிர்த்தால் 1960 முதல் 2004 வரை உங்கள் ஊர் குடியரசுக் கட்சியின் கோட்டை. ஆனால் ஒரே அச்சில் வார்த்த கோட்டை அல்ல. 1992 முன்தேர்தலில், அதாவது கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், பதவியில் இருந்த அதிபர் புஷ்ஷுக்கு 9 பேர்தான் போட்டார்கள். லிபர்டேரியன் கட்சியின் ஆண்ட்ரே மரூவுக்கு 11. அமெரிக்காவில் பாதிப் பேருக்கு அந்தப் பெயரே அன்றுதான் தெரிந்திருக்கும். அரசாங்கம் எட்டியே இருக்கட்டும் என்கிற வடக்கத்திக் குணம் அது, கட்சி விசுவாசம் இல்லை. மாநிலத்தின் கார் எண் பலகையிலேயே 'சுதந்திரமாக வாழ், இல்லையேல் செத்துப்போ' என்று எழுதிவைத்திருக்கிற ஆட்கள்தானே.

2008இல் திரும்பினீர்கள். ஒபாமாவுக்கு 15, மெக்கெய்னுக்கு 6. 40 வருஷத்துக்குப் பிறகு ஜனநாயகக் கட்சி. 2016இல் கிளின்டனுக்கு 4, டிரம்புக்கு 2, லிபர்டேரியன் ஜான்சனுக்கு 1. இன்னொருவர் வேட்பாளர் பட்டியலிலேயே இல்லாத ராம்னியின் பெயரைக் கையால் எழுதிப் போட்டார். (எட்டுச் சீட்டில் நாலு வகை. எங்கள் ஊர்க் குடும்பக் கூட்டம் மாதிரி.) 2020இல் பைடனுக்கு 5, டிரம்புக்குப் பூஜ்யம்.

இதை வைத்து வடக்கு நியூ ஹாம்ப்ஷயரே இடப்பக்கம் சாய்ந்துவிட்டது என்று யாராவது எழுதினால் அவர் உங்கள் கவுன்ட்டியைப் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். கோஆஸ் கவுன்ட்டி நேர் எதிர்த் திசையில் நடந்தது. 2008லும் 2012லும் ஒபாமாவுக்குப் போட்டது. 2016, 2020, 2024 மூன்றிலும் டிரம்புக்கு. பெர்லின் நகரத்துக் காகிதக்கூழ் ஆலை 2006இல் மூடியது. குரோவ்டனில் காகித ஆலை 2007 கடைசியில். அப்பாவும் தாத்தாவும் ஒரே சங்குக்கு வேலைக்குப் போன வீடுகள், சங்கு நின்றபிறகு கொஞ்ச காலம் பழைய கட்சியோடு இருந்தன, பிறகு இல்லை. உங்களுக்குத் தெற்கே, பக்கத்திலேயே இருக்கும் மில்ஸ்ஃபீல்டும் 2020இல் நள்ளிரவில் ஓட்டுப் போட்ட ஊர்தான். அங்கே டிரம்புக்கு 16, பைடனுக்கு 5. அதே காடு, அதே குளிர், அதே மூஸ் மான் எச்சரிக்கைப் பலகை. அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீங்கள் 5-0, அவர்கள் 16-5.

ஏன் என்று யோசித்தபடியேதான் அன்றைக்குத் திரும்பி வந்தேன். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன், தவறானால் திருத்துங்கள். உங்கள் ஊரில் சாய்வு மாறியது என்பதைவிட ஆட்கள் மாறினார்கள் என்பதுதான் பொருத்தம். 1984இல் 30 பேர், 2008இல் 21, 2012இல் 10, 2020இல் 5. வேலைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். இருப்பவர்களில் சிலர் ஹோட்டலை மறுபடி எழுப்பும் முயற்சியோடு தொடர்புள்ளவர்கள். 5 பேரில் ஒருவர் வீடு மாற்றினால் 20 சதவீத 'அலை' அடித்துவிடும். பெரிய ஊரில் இதே மாற்றம் நடக்க ஒரு தலைமுறை ஆகும். நாஷுவாவில் பழைய நூற்பாலைக் கட்டடங்கள் குடியிருப்புகளாகி, என்னைப் போன்ற கணினிக்காரர்கள் வந்து நிரம்பியதும் அப்படித்தான். உங்கள் ஊரில் அது ஒரு லாரிச் சாமான்.

ஆனாலும் ஓட்டு சின்னது என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 2000இல் நியூ ஹாம்ப்ஷயரை புஷ் பிடித்தது 7,211 ஓட்டு வித்தியாசத்தில். அதிபரைத் தேர்ந்தெடுக்க இந்த மாநிலம் அனுப்பும் 4 தேர்வாளர்கள் எதிர்த்து நின்ற கோர் பக்கம் போயிருந்தால் ஃபுளோரிடா மறு எண்ணிக்கைக் கூத்து எதுவும் தேவைப்பட்டிருக்காது, கோர்தான் அதிபர். 2016இல் கிளின்டன் இந்த மாநிலத்தைத் தக்கவைத்தது மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில். அதனால் உங்கள் ஆறு ஓட்டு ஆறு ஓட்டுதான். என் பிரச்சினை அதை எண்ணுவதிலோ, முதலில் எண்ணுவதிலோ இல்லை.

அம்மா கேட்டது வேறு. யார் யாருக்குப் போட்டார்கள் என்பது தெரிந்துவிடுமே?

2024 கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உங்கள் ஆறு பேரில் 4 பேர் குடியரசுக் கட்சி என்று பதிந்தவர்கள், 2 பேர் எந்தக் கட்சியும் சொல்லாதவர்கள். இதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டாம். நியூ ஹாம்ப்ஷயரில் வாக்காளர் பட்டியல் பெயர், முகவரி, கட்சியோடு வெளியில் ஒட்டப்படும். (இது எனக்கு முதலில் தெரிந்தபோது அதிர்ச்சியாக இருந்தது. பெரியப்பா உயிரோடு இருந்தால் இங்கே குடியேறியிருப்பார். சிவப்பு மை மிச்சம்.) அந்த ஜனவரி முன்தேர்தலில் ஆறு பேரும், டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்குப் போட்டீர்கள். 6-0. ஆக, அன்றைக்கே ஆறு பேரின் சீட்டும் உலகத்துக்குத் திறந்த புத்தகம்: டிரம்பை ஒருவரும் விரும்பவில்லை. பத்து மாதம் கழித்து டிரம்புக்கு 3. அதே ஆறு பேர்தான் என்றால், ஹேலிக்காரர்களில் சரிபாதி அவரிடம் திரும்பிவந்திருக்கிறார்கள். கட்சி சொல்லாத இருவரும் ஹாரிஸுக்கே போட்டிருந்தாலும் அவருடைய மூன்றாவது ஓட்டு குடியரசுக் கட்சிக்காரர் ஒருவருடையதாகத்தான் இருக்க முடியும். நான்கு பெயருக்கு நடுவே ஒரு கேள்விக்குறி.

ஒரு வகையில் பார்த்தால் அந்த ஆண்டு அமெரிக்காவின் ஒரு பெரிய கதை இந்த ஆறு சீட்டில் அடங்கியிருக்கிறது. முன்தேர்தலில் முகம் சுளித்த குடியரசுக் கட்சிக்காரர்களில் எத்தனை பேர் நவம்பரில் வீடு திரும்புவார்கள் என்பதைத்தான் ஹாரிஸ் தரப்பு கடைசி வரை எண்ணிக்கொண்டிருந்தது. அதற்காகவாவது உங்களுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் அந்தக் கதையை நாங்கள் படிக்க முடிவது உங்கள் திரையை விலக்கிப் பார்ப்பதால்தான்.

நீங்கள் சொல்லக்கூடும்: எங்களுக்குள் ஒளிவுமறைவு கிடையாது, நாங்களே கேமராவுக்கு முன்னால் சொல்கிறோம், உனக்கென்ன? உண்மைதான். 2020இல் உங்களில் ஒருவர், ஆயுள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்காரர், பைடனுக்குப் போடுவதாகத் தாமே வெளிப்படையாக அறிவித்தார். அது அவர் உரிமை. சொல்பவர் சொல்லட்டும். ஆனால் 5-0 வந்த இடத்தில், சொல்ல விரும்பாத நாலு பேருக்கும் சேர்த்து அந்த முடிவுப் பலகை சொல்லிவிட்டது. வாயைத் திறந்து சொல்வதும், சொல்லாமலே ஊருக்குத் தெரிந்துபோவதும் ஒன்றில்லை. எங்கள் பக்கத்து வீட்டு அத்தையைக் கேட்டால் தெரியும்.

இந்தச் சங்கடம் உங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை. நெவாடாவில் சாவடிவாரி முடிவுகளை வெளியிடும்போது 10க்குக் குறைவான எண்ணிக்கை வந்தால் நட்சத்திரக் குறி போட்டு மறைத்துவிடுகிறார்கள். நாங்கள் விட்டுவந்த நாட்டில் வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ண விதி இருந்தது. மின்னணு எந்திரம் வந்ததும் ஒவ்வோர் எந்திரமும் தன் தெருவின் கணக்கைத் தனியாக ஒப்பிக்கத் தொடங்கிவிட்டது. எந்தத் தெரு போட்டது, எந்தத் தெரு காலை வாரியது என்று ஜெயித்தவர் கையில் பட்டியலே இருக்கும். அப்புறம் தண்ணீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. பல எந்திரங்களின் ஓட்டைச் சேர்த்துக் கூட்டிக் காட்டும் ஒரு கருவியை இந்தியத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. 2015இல் சட்ட ஆணையமும் வேண்டும் என்றது. ஒன்றிய அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் மலோகம் என்ற இடத்தில் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக அதிகாரிகள் மலையேறிப் போய்ச் சாவடி அமைக்கிறார்கள். எல்லாரும் கைதட்டுகிறோம், நானும் தட்டினேன். பொத்தானை அழுத்திவிட்டு வெளியே வரும் அந்த அம்மாவுக்கு ரகசியம் எங்கிருந்து மிஞ்சும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உங்களுக்குத் தெற்கே ஹார்ட்ஸ் லொக்கேஷன் என்ற ஊர்க்காரர்கள் நள்ளிரவு ஓட்டில் உங்களுக்கும் முன்னோடிகள். 1948இல் தொடங்கினார்கள், அதிகாலையில் வேலைக்குப் போக வேண்டிய ரயில்வே தொழிலாளர்களுக்காக. கேமராத் தொல்லை தாங்காமல் 1964இல் நிறுத்திவிட்டார்கள். 1996இல்தான் மறுபடி. நடுவில் முப்பது வருஷம் ஊரில் யாரும் ஒன்றும் குறைந்துபோகவில்லை. நீங்களோ, 2020க்கு முன்னால் தேர்தல் நடத்தத் தேவையான பொறுப்புகளுக்கே ஆள் போதாமல், ஐந்தாவதாக ஒருவர் குடிவந்த பிறகுதான் வழக்கத்தைக் காப்பாற்றிக்கொண்டீர்கள். ஓட்டுப் போடுவதற்காக ஊர் இருப்பதா, ஊருக்காக ஓட்டா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அந்தக் கேலியில் எனக்கு உடன்பாடு இல்லை. ஹோட்டல் போய், வேலை போய், பனிச்சறுக்கு லிஃப்ட் துருப்பிடித்த பிறகும் மிஞ்சியிருப்பது இந்த ஒரு இரவு. அதை விட்டுவிடுங்கள் என்று மூன்று மணி நேரத் தூரத்திலிருந்து சொல்ல நான் யார்?

அதனால் என் வேண்டுகோள் சின்னது.

முதலில் ஒரு யோசனை வைத்திருந்தேன்: உங்கள் சீட்டுகளை மில்ஸ்ஃபீல்டுச் சீட்டுகளோடு கலந்து எண்ணுங்கள் என்று. இரண்டும் தனித்தனி ஊர், சட்டம் இடம் கொடுக்காது. கொடுத்தாலும் நள்ளிரவில் பனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யார் போவது? விட்டுவிட்டேன்.

பிறகு அந்தச் சட்டத்தையே இன்னொரு முறை யோசித்துப் பார்த்தேன். அத்தனை பேரும் போட்டால்தான் சாவடியை மூடலாம். அதாவது ஒருவர் வரவில்லை என்றால் அன்றைய கூத்து நடக்காது. மறுநாள் மற்ற ஊர்களைப் போல நேரம் முடியும்வரை காத்திருந்துதான் பெட்டியைத் திறக்க வேண்டும். 100 சதவீத வாக்குப்பதிவு என்று உலகமே உங்களைப் புகழ்கிறது. அந்த 100 சதவீதத்துக்குள் ஒரு சுமை இருப்பதை இத்தனை வருஷத்தில் யாராவது உங்களிடம் கேட்டார்களா? நாஷுவாவில் எனக்கு இரண்டு வேட்பாளரையும் பிடிக்கவில்லை என்றால் போர்த்திக்கொண்டு தூங்கலாம், ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது. உங்களில் ஒருவர் அப்படித் தூங்கினால் அறுபது வருஷத்து வழக்கம், வந்து நிற்கும் கேமராக்கள், தேசிய கீதத்துக்கு அக்கார்டியன் வாசிக்க வந்தவர், எல்லாம் அந்த ஒருவர் தலையில். யாருக்குப் போடுவது என்பதற்கு முன்னால், போடுவதா வேண்டாமா என்பதுகூட உங்கள் கையில் இல்லை. காய்ச்சல் என்றாலும் வரவேண்டும், மனசில்லை என்றாலும் வரவேண்டும்.

2028 நவம்பரில் உங்களில் யாருக்காவது அன்றிரவு வர விருப்பமில்லை என்றால், தயவுசெய்து வராதீர்கள். மற்ற ஐந்து பேரும் அவர் வீட்டுக் கதவைத் தட்டாதீர்கள், காரணம் கேட்காதீர்கள். அவர் வெறும் சோம்பலில் தூங்கியிருக்கலாம். வேண்டுமென்றே தூங்கியிருக்கலாம். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவேண்டிய அவசியம் உங்களுக்கோ எங்களுக்கோ இல்லை. காலையில் எழுந்து, ஒரு காபி குடித்துவிட்டு, கேமராக்களெல்லாம் கிளம்பிப் போனபிறகு சாவகாசமாக வந்து அவர் போட்டால் போதும். போடாவிட்டாலும் சரி.

எங்கள் ஊர் டிவி அன்றைக்குப் பத்தரை மணிக்கு வேறு எதையாவது காட்டிக்கொள்ளட்டும். அம்மா போன் பண்ணினால் நான் சொல்லிக்கொள்கிறேன், இன்னும் எண்ணலியாம்மா, ஒருத்தர் தூங்குகிறாராம் என்று.

அன்புடன்,
நாஷுவாவிலிருந்து ஒரு வாக்காளர்